வடக்கு முனைத் தடுப்பு: கோவை வார்டு ஒன்றின் வீதித் தகராறும் 2022 தேர்தலும்

கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளில் ஒன்றில், அவினாசி சாலையை ஒட்டிய குடியிருப்பில் நடந்தது இது. வீதியின் வடக்கு முனையில் குடியிருப்போர் சங்கம் இரும்புத் தடுப்பு வைத்தது. அதற்கு அப்பால் குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அப்போது நான் சங்கத்தின் இணைச் செயலாளர். தடுப்பு வைக்கும் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஆட்களின் பெயர், வீதியின் பெயர், கட்சிகளின் பெயர் எதையும் இதில் சேர்க்கவில்லை. இதே மாதிரி தகராறில் நிற்கும் சங்கங்களுக்கும், அந்தச் சங்கங்களை எதிர்த்து நிற்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பின்னணி

எங்கள் லே-அவுட்டின் முதன்மை வீதி முப்பதடி அகலம். தெற்கு முனை அவினாசி சாலையில் சேரும். வடக்கு முனை ஒரு பழைய வண்டித்தடத்தில் முடியும். அந்தத் தடத்தில் இரண்டு வரிசை லைன் வீடுகள், நாலைந்து லேத் பட்டறைகள், ஒரு மாவு மில், ஒரு டெய்லர் கடை. லே-அவுட் போடுவதற்கு முன்பே இருந்தவர்கள் அவர்கள். நாங்கள் அந்தப் பகுதியைப் "பின்பக்கம்" என்போம். அவர்கள் கணக்கில் நாங்கள்தான் புதிதாக வந்தவர்கள்.

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பால வேலை 2020 கடைசியில் தொடங்கியது. அவினாசி சாலையின் நடுவே தூண் குழி தோண்டத் தோண்ட, சாலை இரண்டு பக்கமும் சுருங்கியது. கார்களும் கம்பெனி வேன்களும் உள்வீதி தேட ஆரம்பித்தன. எங்கள் வீதி நேராக இருக்கிறது, குறுக்கே கேட் எதுவும் இல்லை. மேப் செயலி காட்டிய வழியில் எல்லாரும் வந்துவிட்டார்கள். 2021 மழைக்காலத்தில், காலை நடை போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரை வேனின் கண்ணாடி தட்டிவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அதற்கு அப்புறம் சங்கக் கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்காமல் மாநகராட்சி தனி அலுவலர் பொறுப்பில் ஓடியது. ஐந்து வருடத்துக்கு மேல் எங்கள் வார்டுக்குக் கவுன்சிலரே கிடையாது. தெருவிளக்கு எரியாவிட்டால், சாக்கடை அடைத்தால், சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதி மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்ப்போம். வேலை நடக்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது. லெட்டர்பேடு இல்லாத பின்பக்கத்துக்காரர்கள் யாரிடம் போனார்கள் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தத் தகராறின் வேர் அங்கேதான் என்பது என் கருத்து. வாகன நெரிசல் அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

தடுப்பு வைத்தது

2021 அக்டோபரில் சங்க உறுப்பினர்கள் மூன்று பேர் இரண்டு நாள் மாலை வீதியோரம் உட்கார்ந்து வண்டி எண்ணினோம். எண்ணிக்கை அதிகம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையில் மூன்று ஓட்டை இருந்தது. ஒன்று, மாலை மட்டும் எண்ணினோம். இரண்டு, வந்த வண்டி நேராகக் கடந்து போகிறதா, இங்கேயே யார் வீட்டுக்காவது வந்ததா என்று பிரிக்கவில்லை. மூன்று, கொரோனாவால் மூடியிருந்த பள்ளி அப்போது 9 முதல் 12-ஆம் வகுப்பு வரைதான் திறந்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு நவம்பர் 1-ஆம் தேதிதான் வகுப்பு தொடங்கியது. பிள்ளைகள் நடமாட்டம் இல்லாத ஒரு மாதத்தை அளவாக வைத்துக்கொண்டு முடிவெடுத்தோம். நான் பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவன். அங்கே இப்படி ஒரு அளவீட்டை யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே கையெழுத்துப் போட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வடக்கு முனையில் தடுப்பு வந்தது. இரண்டு இரும்புக் கம்பம், நடுவே குறுக்குக் குழாய், சங்கிலி, பூட்டு. சாவி தலைவர் வீட்டு வாசல் ஆணியில் சிவப்பு நூல் கட்டித் தொங்கும். ஓரத்தில் ஆள் நடக்க இடைவெளி விட்டோம். அதில் டூவீலர் நுழைந்து வேகமாக வந்தபோது, ஒரு கல்லை நட்டு அதையும் குறுக்கினோம். கூடவே வீதியில் இரண்டு இடத்தில் கொத்தனாரை வைத்து சிமெண்டில் திண்டு போட்டோம். காவல் நிலையத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னோம், "வெச்சுக்குங்க" என்றார்கள். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை.

கவனித்தவை

வீதி அமைதியானது உண்மை. சாயங்காலம் பிள்ளைகள் ஷட்டில் ஆடினார்கள். மணிக்கட்டு முறிந்த பெரியவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். இதையெல்லாம் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை நான் நேரில் பார்த்தது டிசம்பரில் ஒரு காலை. மாவு மில்லுக்கு நடந்து போனேன். காஸ் சிலிண்டர் வண்டி எங்கள் பக்கம் நின்றிருந்தது. டெலிவரி செய்கிற பையன் சிலிண்டரைச் சாய்த்து, விளிம்பில் உருட்டிக்கொண்டே கல் இடைவெளி வரை வந்தான். அங்கே தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, மறுபடி உருட்டினான். கடைசி லைன் வீடு வரை அப்படியே. திரும்பி வந்து அடுத்த சிலிண்டர். வீட்டுக்கு முப்பது ரூபாய் கூடக் கேட்டான். கொடுத்தார்கள், அவன் தோளைப் பார்த்தவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க மனசு வராது. அங்கே நின்றிருந்த வயதான அம்மா என்னைப் பார்த்து, "ஏங் கண்ணு, நீங்க சங்கத்து ஆளுதானே? எங்க அய்யன் காலத்துல இருந்து இது தடமாச்சே. அடைக்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுருக்கலாமல்லோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது குப்பை. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. ஜனவரியில் தடுப்பருகே குப்பை குவிய ஆரம்பித்தது. பின்பக்கத்துக்காரர்கள் வேண்டுமென்றே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று சங்கத்தில் பேசினோம், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். நடந்தது வேறு. மாநகராட்சியின் குப்பை வண்டி முன்பெல்லாம் எங்கள் வீதி வழியாக நுழைந்து, தடத்தில் ஏறி, அந்தப் பக்கம் வெளியேறும். தடுப்பு வந்தபின் சுற்றிக்கொண்டு போய், தடத்தில் பின்னோக்கித்தான் வர வேண்டும். பட்டறைக்குச் சரக்கு இறக்கும் குட்டி யானை வேன் ஒன்று நின்றிருந்தால் அதுவும் முடியாது. ஓட்டுநர் தடுப்புக்கு இந்தப் பக்கமே நிறுத்தி விசில் ஊதினார். அங்கிருந்து பெண்கள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள் பக்கெட்டைத் தடுப்பருகே வைத்துவிட்டுப் போனார்கள், நாய் கவிழ்த்தது. எங்கள் தடுப்பு உண்டாக்கிய குப்பைக்கு அவர்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சிமெண்டுத் திண்டும் தவறுதான். வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் (சாலைகளுக்கு அளவும் தரமும் வகுக்கும் அமைப்பு) அளவு சொல்லியிருக்கிறது. வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டுமென்றால் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மேலே சீரான வளைவு. எங்கள் கொத்தனார் போட்டது ஒன்றரை அடி அகலத்தில் செங்குத்தான மேடு. இரவில் பெயிண்டும் தெரியாது. ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் அதில் சறுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்.

தேர்தல்

2022 ஜனவரி 26-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 4 வரை மனுத்தாக்கல், 19-ஆம் தேதி வாக்குப்பதிவு. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சங்கம் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரு கடிதம் கொடுத்தது. அதில் ஒரே கேள்வி: வடக்கு முனைத் தடுப்பை நிரந்தரமாக்குவீர்களா?

அந்தக் கேள்வியை அப்படி வைத்ததுதான் நாங்கள் செய்த பெரிய பிழை. ஒருநாளின் எந்த நேரத்தில், எந்த வண்டிக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று யோசிக்க வேண்டிய விஷயத்தை ஆமா, இல்லை என்று இரண்டாகப் பிளந்துவிட்டோம். ஒரு வேட்பாளர் "ஆமாம்" என்று எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் அன்று சாயங்காலமே தடத்தில் நின்று, "நான் ஜெயிச்சா மறுநாள் இந்தத் தடுப்பு இருக்காதுங்க" என்றார். மற்றவர்கள் பார்க்கலாம் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் வார்டில் குடிநீர் பேச்சு இல்லை, சாக்கடை பேச்சு இல்லை, தடுப்புதான். ஒரே கோயில் பொங்கலில் பக்கத்தில் பக்கத்தில் அடுப்பு மூட்டுகிறவர்கள் முகம் திருப்பிக்கொண்டு போனார்கள்.

இரண்டு வேட்பாளர்களும் தங்களால் செய்ய முடியாததற்குத்தான் வாக்குறுதி கொடுத்தார்கள். இதை அன்று எங்களில் யாரும் அறிந்திருக்கவில்லை. பொது வீதியில் வாகனத்தைத் தடுக்கவோ நேரம் வரையறுக்கவோ கவுன்சிலருக்கு அதிகாரம் கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவு அதை மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்த அலுவலருக்கும்தான் தருகிறது. கோவை போன்ற மாநகரத்தில் நாம் போக வேண்டிய இடம் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம். வீதியோ மாநகராட்சியின் சொத்து. லே-அவுட் அங்கீகாரம் வாங்கும்போதே வீதிகளையும் ரிசர்வ் சைட்டையும் (பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய இடம்) தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்துவிடுவார்கள். "எங்க ரோடு" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த ரோடு எங்களுடையதாக இருந்ததே இல்லை.

வாக்குப்பதிவு அன்று மதியம் எங்கள் சாவடியில் வரிசையே இல்லை. பின்பக்கத்துக்காரர்களின் சாவடியில் வெயிலில் நின்றிருந்தார்கள். 22-ஆம் தேதி எண்ணிக்கை முடிந்தபோது தடத்தில் நின்று பேசியவர் ஜெயித்திருந்தார்.

23-ஆம் தேதி விடியற்காலையில் கேஸ் கட்டர் சத்தம் கேட்டு எழுந்தேன். பட்டறைப் பையன்கள் நாலு பேர். சங்கிலியை வெட்டி, குறுக்குக் குழாயை இறக்கி, ஓரமாகச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. வெட்டிய பூட்டைத் தலைவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். புது உறுப்பினர் பதவியேற்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. மார்ச் 2-ஆம் தேதிதான் பதவியேற்பு.

அதற்குப் பின் எடுத்த முடிவுகள்

அன்று இரவே அவசரக் கூட்டம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள் பெரும்பாலோர். நான் எதிர்த்தேன். என்னவென்று புகார் கொடுப்பது? அனுமதி இல்லாமல் நாம் வைத்ததை அவர்கள் எடுத்தார்கள் என்றா? விசாரணை வந்தால் முதல் கேள்வி நம்மிடம்தான் வரும். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் புகார் கைவிடப்பட்டது. இந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் மற்ற எதுவும் நடந்திருக்காது. பட்டறைப் பையன்கள் மீது ஒரு வழக்குப் பதிவாகியிருந்தால் இரண்டு பக்கமும் அப்புறம் உட்கார்ந்து பேசியிருக்க வழியில்லை.

அடுத்து, புதிய கவுன்சிலரைப் பார்ப்பது. எங்கள் ஆட்கள் சிலர் அவருடைய கணவருக்குப் போன் போட்டார்கள். அந்தம்மாவே திரும்ப அழைத்து, "வார்டு என் பேர்ல இருக்குதுங்க, என்கிட்டயே பேசுங்க" என்றார். அப்புறம் அவர் செய்தது எனக்கு மரியாதை உண்டாக்கியது. ஜெயித்துவிட்டோம், தடுப்பும் போய்விட்டது என்று அவர் விட்டிருக்கலாம். ஏப்ரலில் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்தார். தடுப்பு போனதிலிருந்து வேன்கள் பழையபடி வர ஆரம்பித்திருந்தன. ஒரு வேன் தடத்தில் சைக்கிள் பையனை ஒதுக்கிவிட்டுப் போனதை லைன் வீட்டு அம்மாவே சொன்னார். வேன் அவர்களுக்கும் பிரச்சினைதான் என்பது அன்றுதான் எங்கள் காதில் விழுந்தது.

மண்டபத்தில் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: எதையும் முடிவு செய்யும் முன் இரண்டு பக்கமும் சேர்ந்து எண்ணுவது. 2022 ஜூன் 13-ஆம் தேதி பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து எண்ணினோம். தெற்கு முனையில் ஒருவர், வடக்கு முனையில் ஒருவர். எங்கள் பக்கம் ஒருவர் என்றால் அந்தப் பக்கம் ஒருவர். வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கம், மணி, கார் அல்லது வேன் அல்லது டூவீலர் என்று நோட்டில் எழுதினோம். ஒரு முனையில் எழுதிய எண் இரண்டு மூன்று நிமிடத்தில் மறுமுனையிலும் இருந்தால் அது குறுக்கே கடந்து போகிற வண்டி. இல்லாவிட்டால் இங்கே சோலி உள்ள வண்டி. கருவி எதுவும் வேண்டாம், நோட்டும் கடிகாரமும் போதும்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது படம் தெளிவாகத் தெரிந்தது. கடந்து போகிறவை பெரும்பாலும் கார்களும் வேன்களும், அதுவும் காலை எட்டு முதல் ஒன்பதரைக்குள்ளும் சாயங்காலம் ஆறு மணியை ஒட்டியும்தான். டூவீலர், ஆட்டோ, சைக்கிள் பெரும்பாலும் எங்களுடையவை அல்லது பின்பக்கத்துக்காரர்களுடையவை. பகல் முழுக்கவும் இரவு முழுக்கவும் வீதியில் கடக்கும் வண்டி மிகக் குறைவு. மூன்று மணி நேரப் பிரச்சினைக்கு இருபத்திநாலு மணி நேரமும் பூட்டுப் போட்டிருந்தோம்.

சோதனை மாதம்

115-ஆம் பிரிவில் ஒரு வசதி இருக்கிறது. கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் போகாவிட்டால் அரசிதழில் அறிவிக்க வேண்டியதில்லை, உள்ளூரில் எல்லாருக்கும் தெரியும்படி சொன்னால் போதும். அதை வைத்து, கவுன்சிலர், சங்கம், லைன் வீட்டுக்காரர்கள், பட்டறைக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவைப் போக்குவரத்துக் காவலில் கொடுத்தோம். கேட்டது இதுதான்: காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரத்தில் வடக்கு முனையிலிருந்து கார், வேன் நுழையக் கூடாது. டூவீலர், ஆட்டோ, சைக்கிள், ஆம்புலன்ஸ், குப்பை வண்டி, காஸ் வண்டிக்கு எந்நேரமும் தடையில்லை. பூட்டு இல்லை, சக்கரம் வைத்த நகர்த்தும் பேரிகார்டு மட்டும். அனுமதி கிடைத்தது. மாநகராட்சி எங்கள் சிமெண்டுத் திண்டை உடைத்துவிட்டு, அளவுப்படி இரண்டு வேகத்தடை போட்டு வெள்ளைப் பட்டை அடித்தது.

காலை நேரம் நன்றாக ஓடியது. பேரிகார்டை நகர்த்தும் பொறுப்பை டெய்லர் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார், கடை திறக்கும் நேரமும் அதுதான். மாலையில் ஆள் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து முறை போட்டோம், முதல் வாரத்தோடு சரி. ஆறு மணிக்கு பேரிகார்டு ஓரத்திலேயே நிற்கும், வேன் போய்க்கொண்டிருக்கும். ஒரு கம்பெனி வேன் ஓட்டுநர் இறங்கி வந்து சண்டை போட்டதும் உண்டு. மாலைக் கட்டுப்பாடு தோற்றது என்றே குறிப்பில் எழுதினோம்.

விளைவு

மாதம் முடிந்ததும் காலைக் கட்டுப்பாட்டை மட்டும் தொடரக் கேட்டோம், அறிவிப்புப் பலகை வந்தது. அந்த வருடம் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில் நகரப் பகுதிகளில் முதன்முறையாகப் பகுதி சபா (வார்டு மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் கூட்டம்) நடந்தபோது, மாலை நேரத்தை என்ன செய்வது என்று மறுபடி பேசினோம். லைன் வீட்டுப் பெண்கள் பத்துப் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மாலைக்குத் தடை வேண்டாம், தடத்துத் திருப்பத்தில் இன்னொரு வேகத்தடையும் ஒரு தெருவிளக்கும் போதும் என்று அவர்கள் சொன்னதே முடிவானது. விளக்கு வர நாலு மாதம் ஆனது.

குப்பை வண்டி பழைய வழியில் போகிறது. சிலிண்டருக்குக் கூடுதல் காசு இல்லை. பிள்ளைகள் ஷட்டில் ஆடுவது நின்றுவிட்டது. அந்த இழப்பை எங்கள் வீதிப் பெற்றோர்கள் இன்னும் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு குடும்பங்கள் சங்கத்திலிருந்து விலகின, திரும்பி வரவில்லை. 2025 அக்டோபரில் மேம்பாலம் திறந்தபின் காலை நெரிசல் குறைந்தது. பலகை இன்னும் இருக்கிறது. அது தேவையா என்பதை மறுபடி எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மறுபடி செய்வதாக இருந்தால்

தடுப்பைப் பற்றிய முதல் கூட்டத்தையே தடத்தில் வைப்பேன், சங்க அலுவலகத்தில் வைக்க மாட்டேன். கையெழுத்துக்கு முன், வீதியின் இரண்டு முனையிலும் யார் யார் அந்த வழியை நம்பி இருக்கிறார்கள் என்று நடந்து போய் எழுதுவேன்: பால்காரர், காஸ் வண்டி, குப்பை வண்டி, பட்டறைச் சரக்கு, பள்ளி ஆட்டோ. எண்ணுவதைப் பள்ளி நாளில், காலை முதல் இரவு வரை, இரண்டு முனையிலும் செய்வேன். பூட்டு போடும் எதையும் ஏற்க மாட்டேன். அனுமதியை எழுத்தில் வாங்குவேன், அதுவும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும். தினம் தினம் பேரிகார்டை நகர்த்தப் போகிறவர் யார் என்று பெயர் தெரியாமல் நேரக் கட்டுப்பாட்டைக் கேட்க மாட்டேன், மாலையில் நாங்கள் தோற்றது அதனால்தான்.

தேர்தல் சமயத்தில் வேட்பாளரிடம் ஆமா, இல்லை என்று எழுதி வாங்க மாட்டேன். 2022-இல் வந்த மன்றத்தின் ஐந்து வருடம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. வேட்பாளர்கள் வந்தால் கேட்க ஒரு தாள் தயார் செய்து வைத்திருக்கிறோம், இந்த முறை பின்பக்கத்துக்காரர்களோடு உட்கார்ந்து எழுதியது. பகுதி சபாவை ஒழுங்காகக் கூட்டுவீர்களா, வீதி மாற்றம் எதுவானாலும் இரண்டு முனையிலும் கேட்டுவிட்டுத்தான் காவலுக்கு எழுதுவீர்களா என்பது அதில் முதல் இரண்டு கேள்வி. மூன்றாவதை லைன் வீட்டு அம்மா சேர்க்கச் சொன்னார்: தடத்துக்கு ஒரு பெயர்ப்பலகை வைப்பீர்களா?